கடலுக்குப் போகாத நாளுக்கும் கூலி வேண்டும்

கொரோனா ஊரடங்கில் ஆலை மூடிக்கிடந்தாலும் தொழிலாளிக்குப் பிடித்தமின்றிச் சம்பளம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். மே மாதமே உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனாலும் புனேயை அடுத்த ஆகுர்டி ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளிக்குக் கேட்பதற்கு ஒரு நிறுவனமும், கையில் இ.எஸ்.ஐ. அட்டையும் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கம் ராய்கட், ரத்னகிரி கரைகளிலிருந்து அதே ஊருக்கு வஞ்சிரமும் வவ்வாலும் அனுப்பும் கோளிச் சமூக மீனவர் யாரிடம் போய்க் கேட்பார்?

கடல் தொழிலில் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், ரேஷன் செலவு போக மிஞ்சுவதைப் படகுக்காரரும் ஆட்களும் பிரித்துக்கொள்கிறார்கள். கொங்கணிலும் காசிமேட்டிலும் இதுவே வழக்கம். படகு கரையில் நின்றால் பங்கு இல்லை. ஏப்ரல் 10 அன்று மீன்பிடிக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு கிடைத்தது. கிழக்குக் கரையில் ஐந்தே நாளில் தடைக்காலம் வந்துவிட்டது. அப்போது மத்திய அரசு செய்தது, 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்தது. மீன் இனம் பெருகுவதற்காக ஒதுக்கிய 14 நாளை எடுத்து மீனவருக்கு நிவாரணமாகக் கொடுப்பது, விதைநெல்லைக் குத்திச் சமைக்கச் சொல்வதற்குச் சமம். அதுவும் கைக்கு முழுதாக வரவில்லை. மேற்குக் கரைக்குக் கிடைத்த கூடுதல் நாட்கள் ஜூன் 1 முதல் 14 வரை. ஜூன் 3 அன்று நிசர்கா புயல் ராய்கட்டில் கரையேறியது.

கேரளம் வேறு வழியைப் பார்த்தது. துறைமுகங்களில் ஏலத்தை நிறுத்தி, விலையை முன்கூட்டியே நிர்ணயித்தது. கூட்டமும் குறைந்தது, தரகர் பிடியும் தளர்ந்தது. பிறகு மீன் ஏலத்தை ஒழுங்குபடுத்த அவசரச் சட்டமே கொண்டுவந்தது. நெருக்கடியில் அரசு தலையிட முடியும் என்பதற்கு இது போதும்.

அந்த ஆண்டு அறிவித்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். அதில் வாழ்வாதார உதவியும் உண்டு, ஆனால் அது மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டியது. தமிழ்நாடு தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தியது நல்ல காரியம். பணம் போய்ச் சேரும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அது திறக்கும் நாளைத்தான் மாற்ற வேண்டும். தொற்றோ புயலோ, அரசு உத்தரவால் படகு நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் மனு இல்லாமல் கூலி சேரும்படி மத்திய அரசு சட்டம் இயற்ற வேண்டும்.

படகையும் அதில் போகும் ஆட்களையும் மட்டும் வைத்து இந்தக் கூலிக்குப் பட்டியல் எடுத்தால் பெண்கள் விடுபடுவார்கள். ஊரடங்கில் மும்பையில் உள்ளூர் ரயில் நின்றதும் கூடை சுமந்து விற்கும் கோளிப் பெண்களின் வியாபாரமும் நின்றது. நம் கடலோரத்தில் பேருந்து ஓடாதபோதும் அதே கதிதான். ஐஸ் உடைப்பவர், பெட்டி ஏற்றுபவர், கருவாடு காயவைப்பவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். மீன்வளத் துறை இந்தக் கணக்கெடுப்பை அடுத்த தடைக்காலத்துக்குள் முடிக்கட்டும்.