மணலின் சூடும் ஆமையின் முட்டையும்



யோபு 39-ஆம் அதிகாரத்தில் ஒரு தீக்குருவி வருகிறது. முட்டைகளை மண்ணின் சூட்டை நம்பி விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கடலாமையும் அப்படித்தான். பர் துபாயில் வசிக்கும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. அபுதாபியின் சாதியாத் தீவிலும், ஷார்ஜாவைச் சேர்ந்த சர் பு நாயிர் தீவிலும் கோடை தொடங்கும் மாதங்களில் அழுங்காமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. உலகத்தில் அழிந்துபோகும் ஆபத்து மிக அதிகமாக உள்ள கடலாமைகளில் இதுவும் ஒன்று.

வார்டில் செவிலியர்களாகிய நாங்கள் முதலில் குறிக்கும் விஷயங்களில் ஒன்று உடல் வெப்பநிலை. வெளியே 45 டிகிரி அடித்தாலும், ஏசி அறையில் 22 டிகிரி இருந்தாலும், நம் உடல் 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். வியர்வையும் இரத்த ஓட்டமும் சேர்ந்து அதைக் காக்கின்றன. அழுங்காமை போன்ற ஊர்வனவற்றுக்கு ஆண்டவர் வேறு வழி வைத்திருக்கிறார். கடல் சூடானால் அவையும் சூடாகும், கடல் குளிர்ந்தால் அவையும் குளிரும். தாங்கமுடியாதபோது இடம் மாறவேண்டும்.

நம் வளைகுடா ஆழம் குறைந்த கடல். 2010 முதல் 2013 வரை இந்தப் பகுதியில் முட்டையிட்ட 90 அழுங்காமைகளின் ஓட்டில் கருவி பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். கோடையில் நீரின் சூடு 33 டிகிரியைத் தாண்டியபோது பல ஆமைகள் இரை தேடும் இடத்தை விட்டு, ஏறக்குறைய 2 டிகிரி குளிர்ந்த ஆழமான பகுதிக்குப் போய்விட்டன. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பின. இப்படி வாழும் வளைகுடா அழுங்காமைகள் மற்றக் கடல்களில் இருப்பவற்றைவிட உருவத்தில் சிறியவை. தாயின் உடல் சிறுத்தால், ஒருமுறை இடும் முட்டைகளும் குறையும்.

குளிர்காலத்தில் பிரச்சினை வேறு. குளிர்ந்த நீரில் குட்டி ஆமைகள் சோர்ந்து, இரை எடுக்காமல் மிதக்கின்றன. ஓட்டில் கொட்டலசு அப்பிக்கொள்ளும். இப்படிக் கரை ஒதுங்குபவற்றுக்குச் சிகிச்சை தரும் மையம் நம் ஜுமேராவில் 2004 முதல் இயங்கி வருகிறது. குணமாகி மீண்டும் கடலுக்குப் போனவை 2,000-க்கும் மேல்.

பெரிய ஆமை இடம் மாறிக்கொள்ளும். முட்டையால் அது முடியாது. மனிதக் குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே குரோமோசோம்களால் தீர்மானமாகிவிடும். கடலாமைக்கோ அதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரியில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் கூடும், கீழே வந்தால் ஆண் குஞ்சுகள் கூடும். சூடு மிகவும் ஏறினால் கருவே இறந்துபோகும்.

2018-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அங்குள்ள பெரிய பவளத் திட்டின் வடக்குக் கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண்களாம். ஆமை இனப்பெருக்கத்துக்குத் தயாராகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே இன்று பெண் ஆமைகள் நிறையக் கரையேறுவதைப் பார்த்து, எல்லாம் நலம் என்று நாம் நினைத்துவிடக்கூடும். ஆண் குறைவின் விளைவு நம் பிள்ளைகளின் காலத்தில்தான் தெரியவரும். காய்ச்சல் இல்லை என்பதற்காக எந்த நோயாளியையும் நாங்கள் சுகமானவர் என்று எழுதிவிடுவதில்லை.

நாம் என்ன செய்யலாம்? சென்னையில் 1988 முதல் மாணவர்களும் இளைஞர்களும், ஆமைகள் வரும் மாதங்களில் இரவிரவாகக் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அவர்களும் நம் வயதுப் பிள்ளைகளே. ஆதாமுக்குத் தோட்டத்தைப் பேணிக் காக்கும் வேலை கொடுக்கப்பட்டது. நமக்கும் இங்கே சில வேலைகள் உண்டு.

குளிர்காலத்தில் கரை ஒதுங்கிய ஆமையைக் கண்டால், இரக்கப்பட்டுக் கடலுக்குள் தள்ளிவிடக்கூடாது. நீந்தப் பெலன் இல்லாமல்தான் அது ஒதுங்கியிருக்கிறது. நிழலில் வைத்து, கடற்கரைக் காவலரிடம் உடனே சொல்லவேண்டும். வாலிபர் கூடுகைக்குக் கடற்கரைக்குப் போனால் பிளாஸ்டிக் பையையும் கப்பையும் விட்டுவரக்கூடாது. வீட்டிலும் ஆலயத்திலும் ஆளில்லாத அறையில் ஓடும் ஏசியை நிறுத்தவேண்டும். இந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது. அந்தப் புகைதான் மணலையும் சூடாக்குகிறது.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் எரேமியா 8:7-ஐ வாசிப்போம். பறவைகள் தங்கள் காலத்தை அறிந்திருப்பதைத் தீர்க்கதரிசி ஜனங்களுக்கு எடுத்துக்காட்டுகிறார். அழுங்காமையும் அடுத்த கோடையில் தன் காலம் தவறாமல் கரைக்கு வரும். அதன் முட்டைகளைத் தாங்கும் மணலைப் பற்றி நம்மிடம் கேட்கப்பட்டால் என்ன பதில் சொல்லுவோம் என்று பிள்ளைகளோடு பேசிப் பார்ப்போம்.