போடி மலையடிவாரத்தில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இறங்கினால்... வார்டுக்குள் சத்தம் எவ்வளவு கேட்கும்?

2018 மார்ச் 11. போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில் காட்டுத் தீ. கொழுக்குமலைக்கு மலையேற்றம் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்த 36 பேர் சிக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் தீக்காயம் பட்ட பலரைப் போர்வையிலும் தோளிலும் சுமந்து கீழே கொண்டுவந்தது உள்ளூர் மக்கள்தான். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பெரிய சிகிச்சைக்கு மதுரை போக வேண்டும், சுமார் 90 கிலோமீட்டர். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால், முதலில் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டணும். அதனால்தான் மலையடிவாரத்தில் ஹெலிகாப்டர் தளத்தோடு ஒரு மருத்துவமனை வந்தால் என்ன என்ற கேள்வி எழுகிறது. ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபர் 29 அன்று 'சஞ்சீவனி' ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. அடுத்த மே மாதமே அது கேதார்நாத்தில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

சரி, சத்தம்?

சட்டம் சொல்வது தெளிவு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பகலில் 50 டெசிபல், இரவில் 40. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. பஸ் ஹாரனையும், தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளையும் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த எண்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அது வேறு கதை.

சிக்கல் என்னவென்றால், இந்த அளவு சராசரிக் கணக்கு. ஒரு ஹெலிகாப்டர் 75 டெசிபலில் 2 நிமிடம் இரைந்துவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 16 மணி நேரத்துக்குப் பரப்பினால் 48தான். மற்ற நேரம் அமைதியாக இருந்தால், காகிதத்தில் பாஸ்! அதே ஹெலிகாப்டர் பகலில் மூன்று முறை வந்தால் 53, ஃபெயில். இரவில் ஒரே ஒரு முறை வந்தாலே 51, வரம்போ 40. விபத்து நேரம் பார்த்தா நடக்கிறது? உலக சுகாதார அமைப்பின் 1999 வழிகாட்டுதல் இரவில் வார்டுக்குள் சராசரி 30 என்பதோடு நிற்கவில்லை. ஒரு தனிச் சத்தமும் 40ஐத் தாண்டக் கூடாது என்கிறது. தூக்கம் கலைவது சராசரியால் இல்லை, அந்த ஒரு சத்தத்தால்தான்.

இன்னொன்று, அந்த 'தட தட'. நான்கு இறக்கைகள் நிமிடத்துக்கு 400 முறை சுற்றினால், நொடிக்குச் சுமார் 27 அடி. இப்படிப்பட்ட தாழ்ந்த அதிர்வை, வழக்கமான டெசிபல் மீட்டர் மனிதக் காதுக்கு ஏற்பக் குறைத்தே காட்டும். ஜன்னல் கண்ணாடி நடுங்குவது அதில் தெரியாது. இறங்கும்போதுதான் இந்தச் சத்தம் இன்னும் மோசம்.

வெளிநாட்டு அறிக்கைகளைப் பார்த்து அப்படியே எழுதினால் இங்கே தவறிவிடும். அங்கே ஜன்னல் மூடியிருக்கும், 25 டெசிபலுக்கு மேல் குறையும். போடி வெயிலில் அரசு மருத்துவமனை வார்டு ஜன்னலை யார் மூடுவார்கள்? திறந்திருந்தால் குறைவது 10 முதல் 15 வரைதான். அதோடு மூன்று பக்கம் மலை. சத்தம் மோதித் திரும்பும், காற்று அசையாத விடியற்காலையில் இன்னும் தூரம் போகும்.

ஆகவே கணினி வரைபடம் மட்டும் போதாது. முதலில் ஒரு வாரமாவது, இரவையும் சேர்த்து, இப்போதுள்ள சத்தத்தை அளக்க வேண்டும். பிறகு உண்மையில் வரப்போகும் ரக ஹெலிகாப்டரை, வரப்போகும் பாதையிலேயே பறக்கவிட்டு, வார்டுக்குள் ஜன்னலைத் திறந்தும் மூடியும் அளக்க வேண்டும். ஆற்றுப் பக்கமாக இறங்கினால் எவ்வளவு, ஊர் மேலே வந்தால் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். தளத்தைச் சில நூறு மீட்டர் தள்ளி வைப்பது பெரிய நிவாரணம். ஆனால் அங்கிருந்து நோயாளியை மறுபடி ஆம்புலன்ஸில் ஏற்றணும், அதற்குச் சில நிமிடம் போகும்.

பொட்டிபுரம் நியூட்ரினோ திட்டத்தைப் பார்த்த இந்தப் பகுதிக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு என்ற வார்த்தை புதுசு இல்லை. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. இங்கே மக்கள் முதலில் கேட்கப்போவது, 'எந்தக் கருவியில், எந்த நேரத்தில் அளந்தீங்க?' என்றுதான்.