சிங்கக்குட்டிக்குப் பால் கொடுக்க ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி, பழவேற்காட்டுக்கு ஒரு பஸ் ஏறுங்க!



"வெளிநாட்டுல ஒரு வனவிலங்கு சரணாலயத்துல ரெண்டு வாரம் வாலண்டியரா போகணும், பர்சனல் லோன் எடுக்கலாமா?" இந்த வகைக் கேள்விகள் இப்போ அடிக்கடி வருது. ஆசை நல்ல ஆசைதான். ஆனா லோன் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பயணமே வேண்டுமா என்பதை ஒரு சீசன் கழித்து முடிவு பண்ணுங்க என்பது அடுத்த கருத்து.

முதல்ல கணக்கு. ஒரு உதாரணத்துக்கு, நிகழ்ச்சிக் கட்டணம், விமானம், விசா, இன்சூரன்ஸ், தடுப்பூசி எல்லாம் சேர்த்து ₹2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 14% வட்டியில் 24 மாத லோன் எடுத்தால் இ.எம்.ஐ. சுமார் ₹12,000. வட்டியாக மட்டும் ₹38,000 போகும். அதே ₹12,000-ஐ 6.5% ஆர்.டி.யில் போட்டால் 20 மாதத்தில் இரண்டரை லட்சம் கையில் நிற்கும். லீவு பாக்கி இல்லாமல் லாஸ் ஆஃப் பே-யில் போனால், கையில் 55,000 வாங்குகிறவருக்கு 14 நாளில் இன்னொரு 25,000 காலி. இதை யாருமே பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

அடுத்து, "சேவைக்குத்தானே கொடுக்கறேன், வரிவிலக்கு உண்டா?" கிடையாது. 80ஜி என்று நமக்குப் பழகிய கழிவு, இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. தங்குமிடம், சாப்பாடு சேர்த்து இங்குள்ள ஏஜென்ட் விற்றால், சட்டத்தின் பார்வையில் அது டூர் பேக்கேஜ், டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது தொலைந்த காசு இல்லை. ரிட்டர்னில் சரிசெய்துகொள்ளலாம். 2024 அக்டோபரிலிருந்து அந்த விவரத்தை ஆபீஸில் கொடுத்து, சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸையும் குறைத்துக்கொள்ளலாம்.

விசாவில் ஒரு வில்லங்கம் உண்டு. சம்பளம் வாங்காவிட்டாலும் வாலண்டியர் வேலையை "வேலை" என்றே பார்க்கும் நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் விசிட்டர் விசாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு 30 நாள் வரை அனுமதி உண்டு. எல்லா ஊரிலும் அப்படி இல்லை. ஏஜென்ட் "டூரிஸ்ட் விசா போதும் ப்ரோ" என்றால் தூதரகத்தின் இணையதளத்தை நீங்களே பாருங்கள். கென்யா, உகாண்டா போகிறவர்கள் குறைந்தது பத்து நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே தனிமைப்படுத்துவார்கள். டிராவல் இன்சூரன்ஸில் உடல் உழைப்பு வேலை, காட்டு விலங்குகளைக் கையாள்வது ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாலிசி வாசகத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் இருக்கும்.

இதெல்லாம் சரி பண்ணக்கூடிய விஷயங்கள். சரி பண்ண முடியாதது, உங்க காசு எங்கே போகுது என்பது. தென்னாப்பிரிக்காவில் தாயிடமிருந்து பிரித்த சிங்கக்குட்டிகளை "அநாதைக் குட்டி" என்று சொல்லி, வாலண்டியர்களிடம் காசு வாங்கிக்கொண்டே வளர்க்க வைத்ததையும், வளர்ந்த சிங்கங்களை வேலிக்குள் வேட்டைக்கு விற்றதையும் 2015-ல் வந்த 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பால் புட்டியோடு செல்ஃபி எடுத்த பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு போனவர்கள்தான். விலங்கைத் தொட விடுகிற இடம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, சரணாலயம்னா என்னன்னு எங்கே கத்துக்கறது? சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி பொன்னேரியில் இறங்கினால், பழவேற்காட்டுக்கு பஸ். போக்குவரத்துச் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். பூநாரைகளைப் பார்த்துவிட்டு ரிட்டர்ன் பஸ் பிடிக்காதீங்க. குப்பங்களில் கொஞ்ச நேரம் பேசுங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஏலச்சீட்டில் பணம் விட்ட நம்ம ஆட்கள் பார்க்க வேண்டிய சீட்டு இது! இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள்.

கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொண்டால் மீன்வரத்து குறையும், குப்பத்தில் வருமானம் விழும். ஆனால் இது சரணாலயம்; முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கும் பணிக்கு தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதி வரை போக வேண்டியிருந்தது. பறவைக்குப் பாதுகாப்பு தேவை, நான் மறுக்கவில்லை. அதற்கான செலவில் ஒரு பங்கு இந்த வீடுகளின் வரவு செலவில் விழுகிறது, அதற்கு யாரும் ரசீது தருவதில்லை. வெளிநாட்டுச் சரணாலயத்தின் வேலிக்கு வெளியிலும் இப்படி ஊர்கள் இருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு உங்கள் கட்டணத்தில் என்ன கிடைக்கிறது, அங்கே அவர்களுக்கு வேலை உண்டா, அந்த வேலையை நீங்கள் காசு கொடுத்துப் பிடுங்குகிறீர்களா? மெயில் போட்டுக் கேளுங்க. மழுப்பலான பதில் வந்தால் அட்வான்ஸ் கட்டாதீங்க.

போட் சவாரி ஆசை வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. "ஒரு ரவுண்டு தானே" என்று யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீங்க. தடையை மீறிய பயணத்தில் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வனத்துறை தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது; பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி நடக்கும், அறிவிப்பைக் கவனியுங்க. விடியற்காலையில் சேற்றோரம் நின்று, பைனாகுலரில் எண்ணி எண்ணி எழுதணும். பறவையைத் தொட முடியாது, செல்ஃபியில் அது புள்ளியாகத்தான் தெரியும். அதே மாதங்களில் சென்னைக் கடற்கரையில், 1988-லிருந்து இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இரவு முழுக்க நடந்து ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறது. ரெண்டையும் செய்து பாருங்க. மூணாவது வாரமும் போகத் தோன்றினால், ஆர்.டி.யை அன்னைக்கே ஆரம்பிங்க.

பூநாரை பார்க்க டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போயிடுங்க. ஊர் மீன் மார்க்கெட்டில் இறால் வாங்கறதா இருந்தா, ஐஸ் பாக்ஸ் எடுத்துட்டுப் போங்க. பேரம் பேச வேண்டாம்.