புனே மண் வளர்த்த பந்து வீச்சாளர்

கிரிக்கெட் என்றதும் நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் இருபது பெயர்களை ஒப்பிப்பார்கள். ஆயினும், தாம் குடியிருக்கும் இப்புனே நகரில் பந்து வீசக் கற்று, கடல் கடந்தும் புகழ் பெற்ற பல்வங்கர் பாலுவை அவர்களுள் அறிந்தவர் மிகச் சிலரே. இம்மாதம் அப்பெரியாரைப் பற்றிச் சில சொற்கள்.

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே புனேயில் பார்சிகளின் ஆட்டக்களத்தில் மாதம் மூன்று ரூபாய் ஊதியத்திற்குத் தரையைப் பெருக்கியும் உருளை இழுத்தும் வந்தார். பின்னர் ஐரோப்பியர் மன்றத்தில் நான்கு ரூபாய்க்கு அமர்ந்தார். அங்கே கிரெய்க் என்னும் படைத்தலைவர் நாள்தோறும் அவரைப் பந்து வீசச் செய்து பயிற்சி பெற்றார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா அளித்தார் என்பர். இடக்கைச் சுழற்பந்தில் பாலு தேர்ச்சி பெற்றது இவ்வாறே. ஆனால் மட்டை பிடிக்க அம்மன்றத்தில் அவருக்கு வாய்ப்பளித்தாரில்லை.

ஐரோப்பியரை வெல்லும் ஆவலால் புனே இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தையே அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, அவருக்கு மட்டும் கூடத்திற்கு வெளியே மண் குவளை. உணவுக்குத் தனித் தட்டு. உடன் விளையாடலாமெனில் உடன் உண்ணலாகாதோ என்று நீதிபதி ரானடே இடித்துரைத்தார்.

பின்னர் மும்பை சென்ற பாலு, பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் வேலை பார்த்து அதன் அணிக்கும் ஆடினார். இன்றைய மேற்கு ரயில்வேயின் முன்னோடி அதுவே. நம் போன்ற ரயில்வே குடும்பத்தார் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்ற ஆட்டத்தில் பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடினர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குத் தோல்விகளே மிகுதி. பாலுவோ 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இத்தனையிருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் இளைய தம்பி விட்டல் அப்பதவியை அடைந்தார்.

1932 செப்டம்பர் 24 அன்று இதே புனேயில் எரவாடா சிறையில் உருவான ஒப்பந்தத்தில், நம் தமிழகத்தின் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் பாலுவும் கையொப்பமிட்டார். 1955இல் மறைந்தார்.

அன்பர்களே, மண் குவளைக் கதை நமக்குப் புதியதன்று. நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் தனிக்குவளையை யார் அறியார்? பிழைப்புத் தேடி நாம் ரயிலேறியபோது பயணச்சீட்டு எவருடைய சாதியையும் கேட்கவில்லை. எனினும், வீட்டு வேலைக்கு வரும் அம்மையாருக்கெனத் தனித் தம்ளரை அடுப்படி மூலையில் ஒதுக்கி வைத்திருக்கும் இல்லங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. பாலுவின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல விழைவோர், முதற்கண் அந்தத் தம்ளரை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டுத் தொடங்குவது நலம்.