"ஏஐயில போட்டா அஞ்சு நிமிஷம்தானே, டீச்சர்?"

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். ஆசிரியர்களோடு பெற்றோரும், கொழும்பிலும் கட்டாரிலும் டுபாயிலும் வேலை செய்யும் எமது பழைய மாணவர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

கடந்த வியாழக்கிழமை இரவு 9.40க்கு எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. போன வாரம் நடந்த வாசிப்பு நிகழ்ச்சி பற்றி இரண்டு பக்க அறிக்கை, படங்களோடு, நாளை காலை 10 மணிக்கு முன் வேண்டுமாம். நாளை என்றால் வெள்ளிக்கிழமை, பாடசாலை நேரத்தோடு விடும் நாள். எங்களில் ஒருவர் "திங்கட்கிழமை தரலாமா?" என்று கேட்டார். பதில் உடனே வந்தது. "ஏஐயில போட்டா அஞ்சு நிமிஷம்தானே, டீச்சர்?" கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

அந்தச் சிரிக்கும் முகத்துக்குத்தான் இந்தப் பதிவு.

சட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் கடைசியில். அதற்கு முன் இப்படியான ஓர் அறிக்கை கேட்டால் மூன்று நாள் தருவார்கள். எழுத நேரம் எடுக்கும் என்று கேட்பவருக்கும் தெரியும். அதனாலேயே எல்லாவற்றுக்கும் அறிக்கை கேட்க மாட்டார்கள். இப்போது நுளம்பு ஒழிப்புச் சிரமதானத்துக்கும் அறிக்கை, கைகழுவும் தினத்துக்கும் அறிக்கை, அறிக்கை அனுப்பியதற்கும் ஓர் உறுதிப்படுத்தல் கடிதம். இயந்திரம் எங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் எங்கள் கையில் ஒரு நாளாவது தங்கியதா? தங்கவில்லை. வந்த வேகத்திலேயே இன்னொரு படிவம் அதைக் கொண்டுபோய்விட்டது.

அந்த ஐந்து நிமிடக் கணக்கையும் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். படங்களைத் தேடி எடுக்க வேண்டும். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுத வேண்டும். இயந்திரம் எழுதித் தந்ததை வரிவரியாக வாசிக்க வேண்டும். ஏனென்றால் அதன் தமிழ் எமது தமிழல்ல. பாடசாலையைப் "பள்ளி" என்று எழுதும், அதிபரைத் "தலைமை ஆசிரியர்" ஆக்கும். தரம் 6 குடியியற் கல்விக்கு உள்ளூராட்சி பற்றி ஒரு பயிற்சித்தாள் கேட்டபோது பிரதேச சபையைக் காணவில்லை, முழுக்கப் பஞ்சாயத்துத்தான். அரசாங்க அதிபர் இருக்க வேண்டிய இடத்தில் மாவட்ட ஆட்சியர் உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது சரி, எங்கள் பிள்ளைக்குப் பிழை. இதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்துவது யார்? ஆசிரியர். அது எந்த நேரசூசியில் இருக்கிறது? எதிலும் இல்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இன்னொன்றும் நடந்தது. ஒரு கூட்டத்தில், பல பாடசாலைகளின் அறிக்கைகளைத் தொகுத்து ஒரு பக்கச் சுருக்கம் வாசித்தார்கள். வாசித்தவர் இடையில் நின்றார். "மேலும் சுருக்கித் தரவா?" என்ற வரியும் அந்தத் தாளிலேயே அச்சாகி இருந்தது. நாங்கள் இரவிருந்து இயந்திரத்திடம் எழுதுவித்ததை அவர்கள் காலையில் இயந்திரத்திடம் வாசிப்பித்திருக்கிறார்கள். இயந்திரம் எழுத இயந்திரமே வாசிக்கிறது. நடுவில் நித்திரை கெட்டது மட்டும் மனிதர்கள்.

ஆனால் எங்களுக்கு உண்மையில் வலித்தது அறிக்கை விடயம் அல்ல.

எங்களோடு ஆரம்பப் பிரிவில் ஒரு டீச்சர் இருக்கிறார். பத்தொன்பது வருட சேவை. இன்றும் பாடக் குறிப்பைக் கையால்தான் எழுதுவார். அவருடைய கொப்பியைப் பார்த்தால் ஓரங்களில் சின்னச் சின்னதாக எழுதியிருப்பார். "மூன்றாம் வரிசைப் பிள்ளைக்கு 'ழ' வராது, முதலில் எழுப்பி வாசிக்க விட வேண்டாம்." "இவளுடைய உம்மா இந்தக் கிழமை வெளிநாடு போகிறார், வீட்டுவேலை கேட்க வேண்டாம்." கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தானே? நாளைக்கு எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று இன்றைக்கே யோசித்து வைப்பதற்குப் பெயர்தான் பாடக் குறிப்பு.

மேற்பார்வைக்கு வந்தவர் அந்தக் கொப்பியை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "என்ன டீச்சர், இன்னும் கையாலயா எழுதுறீங்க? உலகம் எங்கயோ போயிட்டுது" என்றார். பக்கத்து வகுப்பின் அச்சடித்த கோப்பைத் தூக்கிக் காட்டி, "இப்பிடி நீட்டா வேணும்" என்றார். அந்தக் கோப்பில் எங்கள் ஊருக்கு ஒரு ரயில் நிலையமே இருந்தது. நாங்கள் ஓய்வறைக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தோம். அந்த டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப, எனக்கு இந்தப் பிள்ளைகளத் தெரியும் எண்டதுக்குப் புள்ளி இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை அவரும் அச்சடித்த தாள் கொண்டுவந்தார். அதில் ஓரக் குறிப்புகள் இல்லை.

இதைத்தான் நாங்கள் இழப்பு என்கிறோம். வேலை பறிபோகும் என்று எல்லோரும் பயம் காட்டுகிறார்கள். வேலை இருக்கும்போதே அதன் உள்ளே இருந்தது பறிபோவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்களை ஏஐக்கு எதிரிகள் என்று சொல்ல வராதீர்கள். நாங்களும் பாவிக்கிறோம். சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தின் சாராம்சத்தை இரண்டு நிமிடத்தில் விளங்கிக்கொள்வது சின்ன விடயமல்ல. முன்பு அதற்காக யாரையாவது தேடித் திரிந்த பாடசாலைகள் எத்தனை! மெல்லக் கற்கும் பிள்ளைக்கு ஒரே கணக்கை ஐந்து விதமாகக் கேட்டு எடுக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதப் பயந்த நண்பர் ஒருவர் இன்று தன் இடமாற்ற மேன்முறையீட்டைத் தானே எழுதினார். அல்ஹம்துலில்லாஹ், இவையெல்லாம் நன்மைதான். எப்போது, எதற்குப் பாவிப்பது என்பதை நாங்கள் தீர்மானித்த இடங்களில் அது உதவியாக இருந்தது. மேலே இருப்பவர் தீர்மானித்த இடங்களில் சுமையாக மாறியது. கருவி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் இணையவழிக் கற்பித்தலுக்குப் போனும் டேட்டாவும் யாருடைய காசு? 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகி, ஒக்டோபர் வரை நின்றபோது எங்களைத் திட்டியவர்கள் அந்த டேட்டாக் கணக்கைக் கேட்கவே இல்லை. இப்போது எங்களில் சிலர் ஏஐயின் கட்டணப் பதிப்புக்கு மாதம் 20 டொலர், அதாவது ஏறத்தாழ ஆறாயிரம் ரூபா, சொந்தச் சம்பளத்தில் இருந்து கட்டுகிறார்கள். அலுவலகத்துக்கு அறிக்கை எழுத!

பெற்றோர்களே, இனி வருவது உங்கள் விடயம்.

அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் என்ன செய்வார்? பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை, புள்ளிகளை, சில வேளை ஆலோசனைக்கு வந்த பிள்ளை அழுது சொன்ன வீட்டுக் கதையையே அப்படியே பிரதி பண்ணி ஏஐயில் ஒட்டிவிடுவார். "சுருக்கமாக எழுதித் தா." நாங்களே செய்திருக்கிறோம், மறைக்கவில்லை. ஒரு நாள் ஒரு பிள்ளையின் பெயரோடு அப்படி ஒட்டிவிட்டு, திரும்ப எடுக்க முடியாது என்று விளங்கியபோது கை நடுங்கியது. எங்களை நம்பிச் சொன்னது அமானிதம். அது எந்த நாட்டு சேர்வரில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எங்களால் உங்களுக்குச் சொல்ல முடியாது. எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முக்கியமான பகுதிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவதைப் பிறகு தள்ளிப்போட்டார்கள். எத்தனை பாடசாலைகளில் அந்தச் சட்டத்தின் பெயராவது தெரியும்?

எங்கள் பழைய மாணவன் ஒருவன் கொழும்பில் அழைப்பு நிலையம் ஒன்றில் வேலை. பெருநாள் விடுமுறைக்கு வந்தவன் சொன்னான், அவன் பேசும் ஒவ்வோர் அழைப்பையும் ஓர் இயந்திரம் கேட்டு, குரல் சந்தோசமாக இருந்ததா என்று புள்ளி போடுகிறதாம். வாப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை அவனுடைய புள்ளி இறங்கியது. காரணத்தை யாரிடம் சொல்வது? மேலாளரிடம் சொன்னால் "சிஸ்டம் போட்டது, நாங்க என்ன செய்ய?" என்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் வேலையிடத்திலும் கல்வி நிறுவனங்களிலும் மனிதரின் உணர்ச்சியை இயந்திரம் அளப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பெப்ரவரி 2 முதல் தடை செய்துவிட்டது. அங்குள்ள ஊழியருக்கு இருக்கும் மானம் எமது பிள்ளைக்கு இல்லையா?

இந்த இயந்திரம் தானாகப் படித்து அறிவாளியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் கென்யாவைப் பாருங்கள். ஓப்பன்ஏஐக்காக, வாசிக்கவே முடியாத அசிங்கமான, கொடூரமான எழுத்துகளை வாசித்து வகைப்படுத்திக் கொடுத்த தொழிலாளர்களுக்கு மணித்தியாலத்துக்கு இரண்டு டொலரும் இல்லை என்பது 2023 ஜனவரியில் டைம் சஞ்சிகை மூலம் வெளிவந்தது. எங்கள் "ஐந்து நிமிடத்துக்கு" அடியில் அவர்களுடைய மாதங்கள் கிடக்கின்றன.

"மாறாவிட்டால் அழிந்துபோவீர்கள்" என்று மண்டபம் எடுத்து ஒரு நாள் பாடநெறி நடத்திச் சான்றிதழ் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவீடனின் கிளார்னா நிறுவனம் 2024இல், தனது ஏஐ உதவியாளர் 700 ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. அடுத்த வருடமே தரம் குறைந்துவிட்டது என்று தலைவர் ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளரோடு பேச மறுபடியும் மனிதர்களைத் தேடினார்கள். உங்கள் சிலைட்டுகளில் முதல் செய்தி இருக்கிறது. இரண்டாவது செய்தியை எங்கே விட்டீர்கள்?

எல்லோரும் தலையாட்டிக்கொண்டும் இருக்கவில்லை. அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு ஏஐயும் அவர்களுடைய கோரிக்கை. ஏஐயைப் பாவிக்கும்படி எழுத்தாளரைக் கம்பனி கட்டாயப்படுத்த முடியாது, கொடுக்கும் எழுத்தில் ஏஐ எழுதியது இருந்தால் சொல்லியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். எமது சங்கங்களுக்குப் போராட்டம் புதிதா? ஆனால் மேதினத்தில் இதைப் பற்றி ஒரு சுலோக அட்டையை நாங்கள் இன்னும் காணவில்லை. 2024இல் மைக்ரோசொப்ட்டோடு சேர்ந்து தரம் 8இலிருந்து ஏஐ கற்பிக்கும் முன்னோடித் திட்டம் வந்தது. பிள்ளைக்குக் கற்பிப்பது பற்றி அவ்வளவு பேச்சு நடந்தது. அதைப் பாவிக்க வைக்கப்படும் ஆசிரியரின் வேலைநேரம் பற்றி ஒரு வரி எங்கள் காதில் விழவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விடயங்கள் அல்ல. இரவு 7 மணிக்குப் பிறகு அறிக்கை கேட்காதீர்கள். புதிதாக ஓர் அறிக்கை கேட்டால் பழையது ஒன்றை நிறுத்துங்கள். பாடக் குறிப்பைப் பார்ப்பவர் அதோடு வகுப்புக்குள் வந்து ஒரு பாடவேளை உட்காரட்டும், அச்சடித்ததா கையால் எழுதியதா என்பது அப்போது ஒரு பொருட்டாக இராது. பிள்ளையின் பெயரும் குடும்ப விடயமும் எந்த ஏஐக்குள்ளும் போகக் கூடாது என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுத்தில் தீர்மானம் எடுப்போம். இந்தக் கடைசி விடயம் பெற்றோர் கேட்டால்தான் நடக்கும். நாங்கள் கேட்டால் சோம்பேறித்தனம் என்பார்கள்.

அந்த வியாழக்கிழமை அறிக்கைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வெள்ளி 10 மணிக்கு நாங்கள் அனுப்பவில்லை. திங்கட்கிழமை ஒரு பக்கம், கையால் எழுதி, நால்வர் கையொப்பம் வைத்துக் கொடுத்தோம். எந்தப் பிள்ளை முதன்முறையாக ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்து முடித்தது என்று அதில் எழுதியிருக்கிறோம். இதுவரை விளக்கக் கடிதம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் கையால்தான் எழுதுவோம்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள், வாப்பாமாரும் உம்மாமாரும். உங்கள் உங்கள் வேலையிடங்களிலும் இப்படி நடக்கிறதா என்று கீழே எழுதுங்கள். உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.