குடியேற்றச் சட்டச் சீர்திருத்தமும் எல்லைப் பாதுகாப்பும்: கோரிக்கை மனு

பெறுநர்: அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளிலும் குடியேற்றச் சட்டங்களைப் பரிசீலிக்கும் குழுக்களின் மாண்புமிகு உறுப்பினர்கள்

பொருள்: வேலைவாய்ப்புவழிக் குடியேற்ற வரிசையில் உள்ளோரின் பிள்ளைகளுக்கு வயது கணக்கிடும் முறையைத் திருத்துதலும் பிறவும் தொடர்பாக

இம்மனுவைச் சமர்ப்பிக்கும் சங்கம், எச்-1பி எனப்படும் சிறப்புத் தொழில் விசாவில் முறைப்படி நுழைந்து, கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை அட்டைக்காகக் காத்திருக்கும் இந்தியக் குடும்பங்களின் அமைப்பாகும். தமிழ்நாட்டிலிருந்து சென்றோரும் இதில் உறுப்பினராக உள்ளனர்.

சங்கத்தின் முந்தைய கடிதங்களுக்குப் பெற்றுக்கொண்டதாகக் கூறும் ஒற்றை வரி ஒப்புகைக்கு மேல் எதுவும் வராத காரணத்தால், அவற்றின் சாரம் இங்கு மீண்டும் எடுத்துரைக்கப்படுகிறது. 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வேலைவாய்ப்பு அடிப்படையிலான குடியேற்றத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களை ஒதுக்கியது என்பதும், மனைவி, கணவர், பிள்ளைகள் ஆகியோரும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்குவர் என்பதும், எந்த ஒரு நாட்டினருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது என்பதும் முதல் கடிதத்திலேயே விளக்கப்பட்டன. ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு என்பதன் விளைவாக, முதுகலைப் பட்டமோ அதற்கிணையான தகுதியோ உடையோருக்கான இரண்டாம் பிரிவில், 2024-ஆம் நிதியாண்டு முழுவதும் இந்தியர்களுக்கான முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் இடம் பிடித்த தேதி, 2012-ஆம் ஆண்டைத் தாண்டவில்லை.

எல்லைப் பாதுகாப்பும் சட்டச் சீர்திருத்தமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது அடுத்தடுத்த கடிதங்களின் வாதம். 2013-இல் செனட் 68-க்கு 32 என்ற வாக்குகளில் நிறைவேற்றிய மசோதா எல்லைக் காவலர்களைப் பெருமளவு கூட்டியதோடு, மேற்கூறிய 1,40,000 என்ற எண்ணிக்கையிலிருந்து குடும்பத்தினரை விலக்கவும் செய்தது; பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. நாட்டுவாரி உச்சவரம்பை நீக்கும் மசோதாவை 2019-இல் பிரதிநிதிகள் சபை 365-க்கு 65 என ஏற்றது. 2020 டிசம்பரில் செனட் தன் வடிவத்தை ஏற்றது. இரண்டும் இணக்கப்படாமலேயே அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. 2024 பிப்ரவரியில் இரு கட்சியினரும் சேர்ந்து எழுதிய எல்லை மசோதாவும் செனட்டிலேயே விழுந்தது.

இம்மனு முதன்மையாகக் கோருவது ஒன்றே: பிள்ளையின் வயது, பெற்றோருக்கான மனு தாக்கலான நாளிலேயே நிலைநிறுத்தப்பட வேண்டும். பெற்றோரின் விண்ணப்பத்தைச் சார்ந்து கிரீன் கார்டு பெறும் பிள்ளை 21 வயதை எட்டியதும் சட்டத்தின் கண்ணில் பிள்ளை என்ற தகுதியை இழக்கிறது. இக்கடுமையைத் தணிக்கவே 2002-இல் சிறார் தகுதிநிலைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மனு தாக்கலான நாளிலும், அகதிகளின் பிள்ளைகளுக்குப் பெற்றோர் விண்ணப்பித்த நாளிலும் வயது நின்றுவிடுகிறது. வேலைவாய்ப்பு வரிசையில் உள்ளோரின் பிள்ளைகளுக்கோ, மனு அலுவலகத்தில் பரிசீலனையில் இருந்த நாட்கள் வயதிலிருந்து கழிக்கப்படுகின்றனவேயன்றி, மனு ஏற்கப்பட்ட பின் வரிசையில் கழிந்த ஆண்டுகள் கழிக்கப்படுவதில்லை. காங்கிரஸ் தானே வகுத்த விதியை இப்பிள்ளைகளுக்கு மறுப்பதற்கு என்ன காரணம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கப்பட்டது, இங்கும் கேட்கப்படுகிறது.

கணக்கை இவ்வாறு காணலாம். மூன்று வயதில் கோயம்புத்தூரிலிருந்து டெக்சஸுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஆறு வயதாகும்போது தந்தைக்கான மனு தாக்கலாகி, எட்டு மாதங்களில் ஏற்கப்பட்டு, வரிசை அவர்களை எட்டப் பதினாறு ஆண்டுகள் ஆகுமெனில், அன்று அவளுக்கு வயது 22. எட்டு மாதங்களைக் கழித்தால் 21 ஆண்டும் நான்கு மாதமும். தந்தைக்கு அட்டை கிடைக்கிறது, மகளுக்குக் கிடைப்பதில்லை. அவள் 21-ஆம் பிறந்தநாளிலேயே சார்ந்தோருக்கான எச்-4 தகுதியை இழந்திருப்பாள். தங்கிப் படிக்க வேண்டுமெனில் மாணவர் விசாவுக்கு மாறி, வெளிநாட்டில் தனக்கு வீடு உண்டென்றும் அதைக் கைவிடும் எண்ணமில்லை என்றும் காட்டியாக வேண்டும். பள்ளிப் படிப்பு முழுவதையும் டெக்சஸில் முடித்தவள் எந்த வீட்டைக் காட்டுவாள் என்பது அதிகாரிகளின் சிந்தனைக்குரியது. நிரந்தர வசிப்புரிமை பெற்ற தந்தை மகளுக்காகப் புதிய மனு அளிக்கலாம் என்ற பதில் போதாது. அது மற்றொரு நெடிய வரிசையின் கடைசி இடமாகும்.

சிறுவயதில் வந்தோருக்கு 2012-இல் அறிவிக்கப்பட்ட நாடுகடத்தல் ஒத்திவைப்புத் திட்டமும் இத்தகைய பிள்ளைகளுக்கு உதவவில்லை. அவ்வாண்டு ஜூன் 15 அன்று சட்டப்பூர்வத் தகுதி இல்லாதிருந்தவர்களுக்கே அத்திட்டம் பொருந்தும் என்பதால், விதியைக் கடைப்பிடித்ததே இக்குடும்பங்களுக்குத் தகுதிக்குறைவாயிற்று. நீதிமன்ற வழியும் குறுகலானது. 2014-இல் இதே 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு பிரிவு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் குறுகிய விளக்கத்தையே நிலைநிறுத்தியது. ஆகவே திருத்தம் காங்கிரஸிடமிருந்தே வர வேண்டியுள்ளது. 2024-ஆம் ஆண்டு எல்லை மசோதாவில் இப்பிள்ளைகளுக்கான பாதுகாப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததால், வாசகத்துக்குக்கூடப் புதிதாக உழைக்க வேண்டியதில்லை.

மேலும் கோரப்படுவன: ஃபென்டனில் போதைப்பொருளில் பெரும்பகுதி அதிகாரப்பூர்வ நுழைவாயில்களிலேயே பிடிபடுவதால், அங்கு வாகனங்களை ஊடுருவிப் படமெடுக்கும் கருவிகளும் பணியாளர்களும் கூட்டப்பட வேண்டும். விசாக் காலம் கடந்து தங்குவோரைக் கண்டறிய, 1996-இலேயே காங்கிரஸ் கட்டளையிட்ட நுழைவு, வெளியேற்றப் பதிவு நில எல்லைகளிலும் நிறைவு பெற வேண்டும். குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2023-இன் இறுதியில் 30 லட்சத்தைக் கடந்ததைக் கருதி நீதிபதிகள் கூடுதலாக நியமிக்கப்பட வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் வழியே செய்தவாறு, பயன்படாது போன விசா இடங்கள் மீட்கப்பட வேண்டும்.

முதன்மைக் கோரிக்கையை ஏற்க இயலாதெனில், மனு தாக்கலான நாளில் வயதை நிறுத்தும் 2002-ஆம் ஆண்டு விதி இப்பிள்ளைகளுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. முந்தைய கடிதங்களின் படிகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

செயலாளர்