நனைந்த பிறகு பேசுவோம்

இணையத்தில் ஃப்ளை கட்டுபவர்கள் போடும் படங்களைப் பாருங்கள். கறுப்புப் பின்னணி, பக்கவாட்டு வெளிச்சம், வைஸில் கவ்விய கொக்கி. அதில் ஆரஞ்சோ ஊதாவோ பச்சையோ பளீரென்று ஓர் உடம்பு. கழுத்தைச் சுற்றி, குடை விரித்த மாதிரி அடர்த்தியாக இறகு. கீழே வரிசையாக இதயக்குறிகள். எல்லாம் சரி, ஒன்றுதான் உதைக்கிறது. படத்தில் இருப்பதன் பெயர் 'வெட் ஃப்ளை'. பெயரிலேயே ஈரம் இருக்கிறது. நனையாத வெட் ஃப்ளையைப் பார்த்து 'ஆஹா' என்பது, வாயில் வைக்காமலே குழம்புக்கு மார்க் போடுகிற வேலை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஃப்ளை ஃபிஷிங்கில் புழு கோர்ப்பதில்லை. கொக்கியில் நூலும் இறகும் மயிரும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டி, அதை ட்ரவுட் மீனிடம் காட்டுவார்கள். மிதந்தால் ட்ரை ஃப்ளை, மூழ்கினால் வெட் ஃப்ளை. மூழ்குகிறவற்றில் ஆக எளியது சாஃப்ட் ஹேக்கிள். ஹேக்கிள் என்றால் கழுத்தில் சுற்றும் இறகு. ட்ரை ஃப்ளைக்குச் சேவலின் விறைத்த இறகு வேண்டும், தண்ணீர்மேல் நிற்பதற்கு. இதற்கோ பெட்டைக்கோழி, கௌதாரி மாதிரியான பறவைகளின் துவண்ட இறகு.

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்'சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொக்கி. ஆரஞ்சுப் பட்டு நூல், ஒரே சீராக, மெல்லிசாக. பார்ட்ரிட்ஜ் பறவையின் பழுப்புப் புள்ளி இறகு ஒன்று, ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு. முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. அவ்வளவுதானா? அவ்வளவேதான். டி. ஈ. பிரிட் 1885இல் யார்க்‌ஷயர் ஃப்ளைகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டபோது இந்த மாதிரி ஃப்ளைகள் அங்கே ஏற்கெனவே பழசு.

இப்போது அதைத் தண்ணீரில் போடுங்கள். கத்திக்கொண்டிருந்த ஆரஞ்சு அடங்குகிறது. பட்டு ஈரத்தைக் குடித்ததும் கொஞ்சம் ஒளி ஊடுருவும் பொருளாகிறது. அடியிலிருக்கும் கொக்கியின் கறுப்பு மேலே எழுந்து, ஆரஞ்சு செம்பழுப்பாகிவிடுகிறது. ஊதாப் பட்டில் உள்ளான் இறகு சுற்றிய 'ஸ்னைப் அண்ட் பர்ப்பிள்' நனைந்தால் ஏறக்குறைய கறுப்பு. மஞ்சள் நூலைச் செருப்புத் தைப்பவர்களின் கறுத்த மெழுகில் இழுத்துக் கட்டினால் அது ஆலிவ் பச்சைக்குப் போய்விடும். அந்த ஆலிவ்தான் வேண்டும், மஞ்சள் அல்ல. தாழைக்கோழியின் சிறகிறகோடு கட்டுகிற பழைய ஃப்ளை ஒன்று முழுக்க இந்த ஒரு தந்திரத்தில்தான் நிற்கிறது. அதாவது, இந்த மரபில் நிறம் என்பது கடையில் வாங்கிய நூல்கண்டின் நிறம் இல்லை. பட்டு, மெழுகு, கொக்கி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து கடைசியில் தருவதுதான் நிறம்.

'வண்ணமயமான சாஃப்ட் ஹேக்கிள் எல்லாம் சும்மா கவர்ச்சி' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும், 'இன்னும் பளபளப்பா கட்டு' என்கிறவர்களும் எனக்கு ஒரே கட்சிதான். இரண்டு பேருமே காய்ந்த ஃப்ளையைத்தான் பார்க்கிறார்கள். நனைந்தாலும் மாறாத பாலியெஸ்டர் நூலில் நிறத்தை அப்படியே பூட்டி, இறகை ஐந்து சுற்றுச் சுற்றி, 'பாரம்பரிய முறை' என்று போடுகிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐந்து சுற்று இறகு ஆற்றில் அசையாது. கட்டிப் போட்ட விளக்குமாறு மாதிரி கிடக்கும். நான்கைந்து இழை ஓட்டத்தில் மூடித் திறப்பதுதான், நீரடியிலிருந்து மேலே எழும்பித் தோலுரிக்கப் போராடுகிற பூச்சியின் காலும் சிறகும். மீனுக்கு அதுதான் தெரிகிறது. (இலக்கிய இதழில் வருகிறது என்பதற்காக இதையெல்லாம் உரைநடைக்கான உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மீனைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

இந்தக் காய்ந்த பார்வைக்கு ஒரு கௌரவமான பூர்வீகமும் உண்டு. தெற்கு இங்கிலாந்தில் டெஸ்ட், இட்சன் என்று கண்ணாடி மாதிரி தெளிந்த சுண்ணாம்பு ஓடைகள். பணக்காரர்களின் தனி நீர்ப்பரப்பு. ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட் 1886இலும் 1889இலும் எழுதிய புத்தகங்கள் மிதக்கும் ஃப்ளையை அங்கே ஒரு சாஸ்திரமாக்கின. சீடர்கள் அதை ஆசாரமாக்கினார்கள். மூழ்கும் ஃப்ளையைப் போடுவது கிட்டத்தட்டத் தீட்டு. ட்ரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் சாப்பிடுகிறது என்ற எளிய உண்மை, கனவான்களின் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், இல்லை, ஆழத்தில் இருந்தது. ஜி. ஈ. எம். ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர் 1910இல் 'மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம்' எழுதி, அதே ஓடைகளில் மூழ்கும் ஃப்ளைக்கும் நியாயம் உண்டு என்றார். 1938இல், 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காக ஒரு விவாதத்தையே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பூச்சி தண்ணீருக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று!

அமெரிக்காவில் சில்வெஸ்டர் நீம்ஸ் 1975இல் 'தி சாஃப்ட் ஹேக்கிள்ட் ஃப்ளை' எழுதினார். இந்த மரபு அங்கே மறுபடி பேசப்பட்டதில் அந்தச் சிறு புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

'அழகுக்காகக் கட்டுறவன் கட்டிட்டுப் போறான், உனக்கென்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அழகுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டுமல்லவா? விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளைகள் காய்ந்த அழகின் உச்சம். ஜார்ஜ் கெல்சன் 1895இல் அவற்றுக்கு ஒரு வேதப்புத்தகமே எழுதினார். 'ஜாக் ஸ்காட்' என்ற ஒரே ஃப்ளைக்குள் டூக்கன் இறகு, அதோடு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி. அதன் கழுத்திறகில் மெழுகு சொட்டியது போலிருக்கும் மஞ்சள் புள்ளிக்காக எத்தனை சேவல்களின் கழுத்துத்தோல் கப்பலேறியது! இன்று அது இந்தியாவில் சட்டப் பாதுகாப்பிலுள்ள பறவை. ஆற்றுக்கு ஏறி வரும் சால்மன் சாப்பிடுவதே இல்லை என்பது இதில் கூடுதல் வேடிக்கை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2009 ஜூன் மாதம், லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த ஒரு புல்லாங்குழல் மாணவர், டிரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களை அள்ளிக்கொண்டு போனார். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. சால்மன் ஃப்ளை கட்டுபவர்களிடம் இணையத்தில் விற்கத்தான். பல தோல்களிலிருந்து எந்த இடம், எந்தத் தேதி என்ற சீட்டே அறுத்தெறியப்பட்டது. சீட்டு போனால் ஆய்வாளருக்கு அது வெறும் செத்த பறவை. அந்த இறகுகளைக் கட்டிய ஃப்ளைகளில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்க்காதவை. கண்ணாடிச் சட்டத்துக்குள் போகிறவை.

சாஃப்ட் ஹேக்கிள் மரபு மட்டும் பாவமற்றது என்று சொல்ல வரவில்லை. அங்கும் டாட்டரெல், லேண்ட்ரெயில் என்று காட்டுப் பறவைகளைக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் வித்தியாசம் பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இலேயே 'தி பிராக்டிகல் ஆங்லர்' புத்தகத்தில், டாட்டரெல் அரிதாகிவிட்டது, அதற்குப் பதில் ஸ்டார்லிங் சிறகின் உட்புறத்து இறகு போதும் என்று எழுதிவிட்டார். மீனை முன்னால் வைத்துக் கட்டுகிறவனுக்கு மாற்று எளிதில் கிடைக்கும். சாயம் தோய்த்த பெட்டைக்கோழி இறகே பல ஃப்ளைகளுக்குப் போதும். 'ஒரிஜினல்தான் வேணும்' என்ற பிடிவாதம் அலமாரிக்காகக் கட்டுகிறவனின் வியாதி.

வண்ணத்தை விடச் சொல்லவில்லை. ஆரஞ்சு, ஊதா, பச்சை, குங்கும நிறம், எதை வேண்டுமானாலும் கட்டுங்கள். கட்டி முடித்ததும் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து அதற்குள் போட்டு, இறகு இழைகள் பின்னால் படிந்து மறுபடி விரிகிறதா என்று லேசாக ஆட்டிப் பார்த்து, நிறம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, டம்ளரோடு சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். இதயக்குறி குறையத்தான் செய்யும்.